யப்பானின் மூட்டுப் பாவைகள்: வாங்குவது பாதி, வனைவது பாதி

பாவை என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல உண்டு. மண்ணாலும் மரத்தாலும் செய்த பொம்மை பாவை எனப்படும். அழகிய பெண்ணையும் பாவை என்பர். கண்ணின் நடுவே கருமணியாய் நின்று நமக்கு உலகத்தைக் காட்டுவதும் பாவையே. நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரையின் ஈரமணலிலே வண்டற் பாவை செய்து விளையாடிய செய்தியைச் சங்கச் செய்யுட்களிலே காண்கிறோம். முன்னாளிலே கரையூர் என்று வழங்கிய குருநகரின் பிள்ளைகளுக்கு இச்செய்தியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. ஈரமணலும் இளங்கையும் ஓரிடத்திலே சேர்ந்தால் அங்கே ஓர் உருவம் பிறந்துவிடும்.

யப்பானியர் பொம்மையை 'நிங்யோ' என்பர். 'மனித வடிவம்' என்பது அதன் பொருள். உலகிலே பொம்மைகளை அவர்களைப்போல் மதித்துப் போற்றும் மக்கள் மிகச் சிலரே. மார்ச் மாதம் 3ஆந் திகதி அவர்கள் கொண்டாடும் 'ஹினா' விழாவிலே, செந்துணி விரித்த படிகளின் உச்சியில் அரசனையும் அரசியையும், கீழ்ப்படிகளிலே தோழியரையும் இசைவாணரையும் வைத்துப் பெண்மக்களின் நல்வாழ்வுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். தமிழகத்து நவராத்திரிக் கொலுவைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இத்தகைய நாட்டிலே 1999ஆம் ஆண்டில் ஒரு புதுவகைப் பாவை விற்பனைக்கு வந்தது. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடை, தொடை, முழங்கால், கணைக்கால் ஆகிய மூட்டுக்கள்தோறும் உருண்டை வைத்து இணைக்கப்பட்ட பாவை அது. இன்று யப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும், அங்கிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதனைத் தேடிச் சேர்ப்போர் உளர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்கள்.

கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ ஊருக்கு வரும் பேத்தி ஒருத்தி, பஞ்சுமெத்தை தைத்த பெட்டி ஒன்றைத் திறந்து இரண்டடி உயரப் பாவை ஒன்றை மெல்லத் தூக்கி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குப் பொம்மை விளையாட்டோ?" என்று அம்மம்மா கேட்பது இயல்பே. விலையைக் கேட்டால் மூக்கிலே விரலை வைப்பார். ஆயினும் அந்தப் பாவையின் தலையிலே பொருந்திய முடி, முகத்திலே தீட்டிய வண்ணம், உடலிலே தரித்த உடை ஆகிய யாவும் பேத்தியின் சொந்தக் கைவேலை என்று அறிந்தால், அவருடைய கேள்வி வேறாகிவிடும். இக்கலையின் சிறப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே ஓடும் கயிறு

பொம்மலாட்டப் பாவைக்குக் கயிறு வெளியிலே இருக்கிறது. ஆட்டுவிப்பவன் விரலை அசைத்தால் அது ஆடும். அவன் கயிற்றைத் தளர்த்தினால் துவண்டு விழும். மூட்டுப் பாவைக்குக் கயிறு உள்ளே இருக்கிறது. உடலின் உறுப்புக்கள் அனைத்தும் உட்குழிவானவை. இலாஸ்ரிக் கயிறு ஒன்று தலையிலே தொடங்கி உடலினூடே ஓடிக் கால்களிலே முடிகிறது. வேறொரு கயிறு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மார்பைக் கடந்து செல்கிறது. முனைகளிலே சிறு உலோகக் கொளுக்கிகள் அதனைப் பிடித்துக்கொள்கின்றன.

ஓர் உறுப்பின் நுனியிலுள்ள உருண்டை அடுத்த உறுப்பின் குழியிலே பொருந்துகிறது. கயிற்றின் இழுவை இரண்டையும் இறுக்கிப் பிடிக்க, உருண்டைக்கும் குழிக்கும் இடையிலுள்ள உராய்வு வைத்த நிலையிலே நிறுத்துகிறது. இதனாலேயே இப்பாவை கன்னத்திலே கைவைத்துச் சிந்திக்கவும், முழந்தாளிட்டு இருக்கவும், தாங்குவாரின்றித் தானே நிற்கவும் வல்லதாகிறது. கயிறு தளர்ந்தால் பாவை தள்ளாடும். மிக இறுகினால் கையை மடக்கும்போதே உதறி எழும். இரண்டுக்கும் நடுவே இழுவையின் பதத்தைக் கைதான் அறியும். வலை பொத்தும் கைகளுக்கு இந்தப் பதம் புதியதன்று.

பழைய மரபும் புதிய பிறப்பும்

இது திடீரென்று தோன்றிய புதுமையும் அன்று. பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்த எடோ காலத்திலேயே, தொடை, முழங்கால், கணைக்கால் என மூன்றிடங்களில் மடங்கி, யப்பானியர் வழக்கப்படி மண்டியிட்டு அமரும் பாவைகளை அந்நாட்டுக் கைவினைஞர் செய்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே புகழ்பெற்ற சனோகவா இச்சிமத்சு என்ற கபுகி நடிகரின் பெயரால் 'இச்சிமத்சு' பாவைகள் வழங்கலாயின. மரத்தூளைப் பசையிலே குழைத்து உருவமாக்கி, அதன்மேல் 'கோபுன்' என்னும் வெண்பூச்சைப் பலமுறை பூசி மினுக்குவர். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து பக்குவமடைந்த சிப்பி ஓட்டின் பொடியே அந்தப் பூச்சு. சிப்பி ஓட்டை மிதியாமல் கரையிலே நடக்கமுடியாத நம்மவர்க்கு, அந்த ஓடே ஒரு குழந்தையின் கன்னமாக மாறுகிறது என்பது வியப்பைத் தரும்.

ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சு, செருமனி நாடுகளின் பொம்மைத் தொழிலாளர், பீங்கான் தலையும் உருண்டை மூட்டும் உடைய பாவைகளை இலாஸ்ரிக் கயிற்றிலே கோத்து விற்றனர். 1930களிலே பேர்லினில் வாழ்ந்த ஹன்ஸ் பெல்மர் என்ற கலைஞர், அங்குள்ள அரும்பொருட்சாலையிற் கண்ட பழைய மூட்டு மரப்பாவைகளினால் தூண்டப்பெற்றுத் தாமும் பாவைகள் செய்து நிழற்படம் பிடித்தார். அவருடைய படங்கள் குடும்பத்தார் நடுவே விரித்துப் பார்க்கத்தக்கவை அல்ல. ஆயினும் 1965ஆம் ஆண்டில் அவை பற்றி யப்பானியச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரை, யொத்சுயா சிமோன் என்ற இளைஞரின் வாழ்வை மாற்றிவிட்டது. அவர் தம் பழைய முறையைக் கைவிட்டு உருண்டை மூட்டுப் பாவைகளைச் செய்யத் தொடங்கினார்; 1978இல் பாவைக் கலையைக் கற்பிக்கும் பள்ளியையும் நிறுவினார். ஐரோப்பாவிலே விளையாட்டுப் பொருளாயிருந்த மூட்டுப் பாவை இவ்வாறு யப்பானிலே சிற்பக் கலையாக மலர்ந்தது.

ஆனால் அந்தச் சிற்பங்கள் கண்காட்சிக்கு உரியவை. சாதாரண மக்கள் தொட்டுப் பழகக் கூடியவை அல்ல. கியோத்தோ நகரிலே 1972இல் தொடங்கப்பெற்று, உருவ மாதிரிகளைப் பாகம் பாகமாக விற்றுவந்த வோக்ஸ் என்ற நிறுவனமே அந்த இடைவெளியை நிரப்பியது. வாங்குவோர் தாமே அரத்தாளினாலே தேய்த்து, ஒட்டி, வண்ணந் தீட்டி முடிக்கவேண்டிய பொருட்களே அதன் சரக்கு. அந்தப் பழக்கத்தையே பெண்களும் விரும்பும் பாவைக்குப் பொருத்திப் பார்த்து, 1999இல் 'சுப்பர் டொல்பி' என்ற பெயரிலே வெளியிட்டனர். ஆகவே 'நீயே முடித்துக்கொள்' என்பது இப்பாவையின் பிறவிக் குணம்.

வனையும் முறை

பெரியவை 60 சென்ரிமீற்றர் அளவினவாகவும், நடுத்தரமானவை 40 முதல் 45 சென்ரிமீற்றர் வரையினவாகவும், சிறியவை 30 சென்ரிமீற்றருக்கு உட்பட்டனவாகவும் இருக்கும். பொலியூரிதேன் ரெசின் என்னும் இருவகைத் திரவங்களைக் கலந்து சிலிக்கோன் அச்சிலே வார்த்தால், சிறிது நேரத்தில் அது பீங்கான்போல் இறுகிவிடும். ஓர் அச்சிலிருந்து சில பத்து வார்ப்புக்களுக்கு மேல் எடுக்கமுடியாது, அச்சு தேய்ந்துவிடும். வார்ப்பதும் வெட்டுவதும் கோப்பதும் கைவேலையே. பெரிய பாவை ஒன்று சில நூறு அமெரிக்க டொலர் விலை பெறுவதற்கு இதுவே காரணம்.

வெறுமையாய் வந்த பாவைக்கு முடி இல்லை, கண் இல்லை, முகத்திலே நிறமும் இல்லை. முதலிலே உறுப்புக்களைக் கழற்றி, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்துக் கோடுகளை நனைத்த அரத்தாளினாலே தேய்க்கவேண்டும். ரெசின் தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஆகையால் ஈரத்திலே தேய்ப்பதும், மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொள்வதும் கட்டாயம்.

அடுத்தது முகம் எழுதுதல். மங்கல் வார்னிஷ் ஒரு படலம் தெளித்து, அது காய்ந்தபின் வண்ணச் சோக்குத் தூளை மென்தூரிகையால் தொட்டுக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் உதட்டிலும் மெதுவாகப் படியவைப்பர். புருவ மயிரையும் இமை மயிரையும் நீர்வண்ணப் பென்சிலாலோ அக்கிரிலிக் வண்ணத்தாலோ ஒவ்வொரு கோடாக எழுதுவர். ஒரு படலம் முடிந்ததும் மறுபடியும் வார்னிஷ் தெளித்துக் காப்பர். தவறினால் உரிய கரைப்பானால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். நம் ஊரிலே இதனைச் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. காற்றிலே ஈரம் மிகுந்த நாளில் தெளித்த வார்னிஷ் வெண்புகைபோல் படிந்துவிடும். மாரிமழைக் காலத்தை விடுத்து, காற்று உலர்ந்திருக்கும் நாளின் நண்பகலைத் தேர்ந்துகொள்வது நலம்.

கண்ணாடியிலோ அக்கிரிலிக்கிலோ செய்த கண்களைத் தலையின் உட்புறத்தே மெழுகு போன்ற பசையால் நிறுத்துவர். தலையின் பின்பகுதி மூடிபோலக் கழலுமாகையால் எந்நேரமும் கண்ணை மாற்றலாம். கண்மணியை ஒரு நெல்மணி அளவு திருப்பினால், நேரே பார்த்த பாவை ஓரப்பார்வை பார்க்கும். சிறிது கீழிறக்கினால் துயரம் தேங்கும். பாவை என்ற சொல்லுக்குக் கண்மணி என்ற பொருளை வைத்த நம் முன்னோர் இதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

பொய்முடியை அங்கோரா ஆட்டின் மயிராலும் செயற்கை நூலாலும் செய்வர். உடையோ தனிக் கலை. சாதாரணச் சட்டை வெட்டத் தெரிந்த கை இங்கே மறுபடியும் பாடம் படிக்கவேண்டும். பெரிய பூப்போட்ட சீலை இரண்டடிப் பாவைக்கு ஒத்துவராது; மெல்லிய துணியும் நுண்ணிய பூவும் சிறு தையலும் வேண்டும். கருநிறத் துணியை நன்றாக அலசிச் சாயம் போக்கிய பின்னரே அணிவிக்கவேண்டும். இல்லையேல் ரெசினிலே கறை ஏறிவிடும். வெயிலிலே வைத்தால் பாவை மஞ்சளிக்கும். உள்ளோடும் கயிறும் சில ஆண்டுகளிலே தளரும். அதனை மாற்றிக் கோக்கப் பழகிக்கொள்ளவேண்டும்.

வாங்குவோர்க்கு மற்றொரு எச்சரிக்கை. அசற் பாவையை அச்செடுத்துக் கள்ளமாக வார்த்துக் குறைந்த விலைக்கு விற்போர் உளர். உருவத்தை நினைத்து நினைத்துச் செதுக்கிய சிற்பியின் உழைப்பைக் களவாடுவது அது. பணம் போதாதவர் சிறிய அளவிலே உண்மைப் பாவை ஒன்றையோ, ஒருவர் பாவித்து விற்பதையோ வாங்குவதே முறை.

நம் கரையின் மூட்டுருவங்கள்

யப்பானைப் பற்றி இவ்வளவு கூறியபின், நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். மூட்டு வைத்த உருவம் நம் கரையோரத்துக்கு அந்நியமானதன்று. 'உடக்குப் பாஸ்' என்ற சொல்லை மூத்தவர்கள் அறிவர். கிறிஸ்துவின் பாடுகளைத் தலையும் கைகளும் அசையும் சுரூபங்களைக்கொண்டு காட்டும் காட்சி அது. மறைந்திருப்போர் சுரூபங்களை இயக்க, உருக்கமான பாடலும் வாசகமும் ஒலிக்கும். மன்னார்ப் பகுதியிலே பேசாலை இதற்குப் பேர்பெற்ற ஊர். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய திருவுடலின் கைகளை மடக்கி ஆசந்தியிலே கிடத்துவதற்கும் தோளிலே மூட்டுடைய சுரூபமே வேண்டும்.

இவ்வழக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படுபவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவிலே பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே மறைந்த அவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' நம் ஆலயங்களிலே தபசு காலத்தில் பாடப்பட்டு வந்ததாகும். சுரூபங்கள் நடித்த காட்சியை மனிதர் நடிக்கும் நாடகம் படிப்படியாகப் பின்தள்ளியது. நீர்கொழும்புப் பக்கத்தில் போறலெசவிலே 1923இல் மனிதர் நடித்த திருப்பாடுகளின் நாடகம் புகழ்பெற்றது. யாழ்ப்பாணத்திலே 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றமும் அத்தகைய நாடகங்களைப் பெருமளவில் மேடையேற்றியது. நாட்டுக்கூத்துக்குப் பேர்போன குருநகரார்க்கு மனிதர் நடிப்பது மகிழ்ச்சியே. எனினும் சுரூபத்தின் உட்கயிற்றை மாற்றவும், மூட்டைச் செப்பனிடவும், உதிர்ந்த வண்ணத்தைப் புதுப்பிக்கவும் அறிந்த கைகள் அருகிவிடுவது மகிழ்ச்சிக்குரியதன்று.

யப்பானியப் பாவையின் முகத்தை எழுதும் பெண்ணும், மாதாவின் சுரூபத்துக்குத் திருநாட் பட்டு தைத்துச் சரிகை வைக்கும் பெண்ணும் வேறு வேறு நோக்கம் உடையவர்கள். ஒன்று அன்பு கலந்த கலை, மற்றது பக்தி. ஆனால் ஊசியைப் பிடிக்கும் பொறுமை இரண்டிலும் ஒன்றே.

சேர்ப்பதும் காப்பதும்

சேகரிப்பு என்பது நிலையான வீடுடையவர்க்கே வாய்க்கும் இன்பம். நம் வீடுகளிலே பழம் பாவைகள் ஏன் இல்லை என்று வெளியூரார் கேட்டால், விடை கூறுவது கடினமன்று. 1993 நவம்பர் 13ஆந் திகதி குருநகர் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி உயிர்கள் பலியாயின. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒருசேர இடம்பெயர்ந்தன. கைக்குழந்தையையும் உடுபுடவையையும் சுமந்து சென்ற தாய், மூத்த பிள்ளையின் பொம்மையை எங்ஙனம் சுமப்பாள்? அலுமாரியிலே விட்டுச் சென்றவை திரும்பிவந்தபோது இல்லை. அலுமாரியே இல்லாத வீடுகளும் பல.

இவ்விடத்திலே 1927ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றை நினைவூட்டலாம். இரு நாட்டுக் குழந்தைகளும் நட்புறவோடு வளரவேண்டும் என்று விரும்பிய அமெரிக்கர், 12,000க்கு மேற்பட்ட பாவைகளை யப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினர். யப்பானியர் கைம்மாறாக 58 பெரிய இச்சிமத்சு பாவைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். பின்னர் யுத்தம் மூண்டது. பகைநாட்டுப் பாவைகள் என்று கூறி, வந்தவற்றிற் பெரும்பாலானவற்றை எரித்தும் உடைத்தும் அழித்தனர். ஆயினும் ஆசிரியர் சிலர் மனம் பொறாமல் தம் பள்ளிப் பாவையை ஒளித்து வைத்தனர். அவ்வாறு பிழைத்தவை ஏறத்தாழ 300. அவை இன்று யப்பானிலே போற்றிக் காக்கப்படுகின்றன. ஒரு பொம்மையைக் காப்பாற்றியதனால் யுத்தம் நின்றுவிடவில்லை. ஆனால் பகைமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டச் சான்று ஒன்று எஞ்சியது.

யப்பானியர் பழுதாய்ப்போன பாவையையும் குப்பையிலே வீசிவிட விரும்புவதில்லை. ஆலயத்துக்குக் கொண்டுசென்று, இதுவரை உடனிருந்ததற்கு நன்றி கூறிச் சடங்கோடு விடைகொடுக்கும் வழக்கம் அவர்களிடையே உண்டு. பொருளின்மேல் வைத்த மதிப்பும், அதனைச் செய்த கையின்மேல் வைத்த மதிப்பும் அவர்களுக்கு வேறு வேறு அல்ல.

ஆகையால் நம் இல்லங்களிலே இக்கலையைத் தொடங்க விரும்புவோர் முதலிலேயே நூற்றுக்கணக்கான டொலரைச் செலவிட வேண்டுவதில்லை. கை கழன்ற பழைய பிளாஸ்ரிக் பொம்மை ஒன்று மூலையிலே கிடக்கும். அதனை எடுத்துக் கழுவுங்கள். தையற் பெட்டியிலுள்ள இலாஸ்ரிக் கயிற்றையும் வளைத்த கம்பித் துண்டையும் கொண்டு, உட்குழிவான கைகள் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். துணித் துண்டிலே ஒரு சட்டை தையுங்கள். பிள்ளைகளையும் அருகிலே இருத்திக்கொள்ளுங்கள். உடைந்ததை எறிவதற்குமுன் அது எவ்வாறு இணைந்திருந்தது என்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டானால், அதுவே பெரிய கல்வி.

வெளிநாட்டிலிருந்து பேத்தி பாவையோடு வந்தால், "இது என்ன விலை?" என்று கேட்பதற்குமுன், "இதிலே நீ செய்தது எது?" என்று கேளுங்கள். அவள் சட்டையின் உட்தையலையும் புருவத்தின் கோடுகளையும் காட்டுவாள். நீங்களும் உங்கள் ஊசியை எடுத்து, வலை பொத்தும் முடிச்சை அவளுக்குக் காட்டிக்கொடுங்கள். உள்ளே ஓடும் கயிறு ஒன்றே உறுப்புக்களைச் சேர்த்து நிறுத்துகிறது என்பது பாவைக்கு மட்டுமன்று, கடல் கடந்து சிதறிய நம் குடும்பங்களுக்கும் பொருந்துவதாகும். அது தளராமல் பார்த்துக்கொள்வது நம் கையிலேயே இருக்கிறது.